தப்தர் ஜெய்லானி: நாம் போகாமல் விட்ட மலை

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் நம் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கூரகல வீடியோ ஒன்றைப் போட்டிருந்தார். புதிதாகக் கட்டிய வெள்ளைத் தாதுகோபம், படிக்கட்டுகள், கூட்டம். ஒரு மணி நேரத்துக்குள் எழுபதுக்கு மேல் பின்னூட்டம். பாதிப்பேர், "எங்கட இடத்தப் பறிச்சிட்டாங்க" என்றார்கள். மீதிப்பேர், "அது ஷிர்க் நடந்த இடம், போனது நல்லதுதான்" என்றார்கள். இரண்டு பக்கத்தாரும் ஆளை ஆள் ஏசி முடிந்த பிறகு ஒரு தம்பி கேட்டார்: "இது எங்க இருக்கு?" அதற்கு மட்டும் யாரும் பதில் போடவில்லை.

வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் அந்தத் தம்பிக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

இடம் இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடையிலிருந்து கல்தோட்டை பக்கம் போகும் வழியில், தஞ்சன்தென்னைக்கு அருகே. மலைநாடு அங்கேதான் திடீரென்று முடிகிறது. பாறையின் விளிம்பில் நின்றால் கீழே வளவை ஆற்றுச் சமவெளி தெற்கே விரிந்து கிடக்கும். பாறைகளிலே இயற்கைக் குகைகள். சிங்களத்தில் கூரகல என்பார்கள். நம்மவர்கள் தப்தர் ஜெய்லானி, அல்லது சும்மா ஜெய்லானி என்பார்கள். தப்தர் என்றால் பதிவேடு. கதையின் பின்பகுதியில் பதிவேடுகளைப் பற்றியும் பேச இருக்கிறேன்.

முதலில் நம்மில் பலருக்குக் கசப்பான விஷயம். அந்தக் குகைகளில் பிராமி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தவை. 1930களின் தொடக்கத்தில் சி. எச். கொலின்ஸ் என்ற ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை சஞ்சிகையில் இந்தப் பகுதியின் தொல்பொருட்களைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்துக் குகைக் கல்வெட்டுகள் நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும்: இன்னாருடைய மகன் இன்னார் இந்தக் குகையைச் சங்கத்துக்குக் கொடுத்தார். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் குகை வாயிலுக்கு மேலே பாறையில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். அதுவும் பௌத்த துறவிகள் தங்கிய குகைகளின் அடையாளம். ஆகவே கூரகலையில் பழைய பௌத்த குகை வாசம் இருந்தது என்பது ஞானசார தேரர் கட்டிய கதை அல்ல. கல்லில் இருக்கிறது. அதை மறுத்து ஃபேஸ்புக்கில் எழுதுகிற சகோதரர்கள் நமக்கு உதவி செய்யவில்லை.

(அப்படிக் குகை கொடுத்தவர்கள் எல்லோரும் சிங்களவர் என்பதும் இல்லை. வவுனியாவுக்குப் பக்கத்திலே பெரியபுளியங்குளத்தில் உள்ள கல்வெட்டில் குகை கொடுத்தவர் விசாகன் என்ற தமிழ் வணிகர். கல்வெட்டை முழுதாக வாசித்தால் எல்லாருக்குமே கொஞ்சம் சங்கடம் வரும்.)

பௌத்தத்துக்கும் முந்திய ஆட்களும் அங்கே இருந்தார்கள். பலாங்கொடை மனிதன் என்று தரம் 6 இலேயே படித்திருப்பீர்கள். அந்த வரலாற்றுக்கு முந்திய மனிதர்களின் எச்சங்கள் கூரகல அகழ்விலும் கிடைத்திருக்கின்றன. யார் முதலில் வந்தாரோ அவருக்கே இடம் என்றால், உறுதியை அவருடைய பெயரில்தான் எழுத வேண்டும்.

இனி நம் பக்கம். முஹ்யித்தீன் அப்துல் காதர் ஜெய்லானி (ரஹ்) அவர்கள் ஈரானின் கீலான் பகுதியிலே பிறந்து, பக்தாதிலே வாழ்ந்து, 1166இல் அங்கேயே வபாத்தானவர்கள். பாவாத மலைக்கு வந்த பயணத்தில் இந்தக் குகையில் 12 வருடம் தவமிருந்தார்கள் என்பது நம் முன்னோர் சொல்லி வந்த செய்தி. ஆண்டகையின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் பக்தாதையும் ஈராக்கின் பாலைகளையும் சுற்றியே இருக்கின்றன. இலங்கைப் பயணத்துக்கு அவற்றில் ஆதாரம் இல்லை. 1344இல் பாவாத மலை ஏறிய இப்னு பதூதா அந்தப் பாதையை முஸ்லிம்களுக்குத் திறந்துவிட்டவராக ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கபீஃபின் பெயரைச் சொல்கிறார். கூரகலையைச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் நாம் திணிக்கக் கூடாது.

ஆனால் இப்னு பதூதா ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அரபுக்களும் பாரசீகர்களும் இந்த மலைநாட்டுக்குள் கரையோர வியாபாரத்துக்காக மட்டும் வரவில்லை, ஸியாரத்துக்காகவும் வந்தார்கள். அவருக்கு முன்பும் பின்பும் பக்கீர்மாரும் பாவாமாரும் இந்தக் காட்டுப் பாதைகளில் நடந்தார்கள். பாவாத மலை, ஜெய்லானி, கதிர்காமத்தில் ஹில்று (அலை) அவர்களின் பெயரால் உள்ள பள்ளி என்று ஒன்றோடொன்று கோத்த ஒரு பாதை நமக்கு இருந்தது. பாவாத மலையில் நாலு மதத்தாரும் ஒரே சுவட்டைப் பார்த்து நாலு பெயர் சொல்கிறார்கள். கதிர்காமத்தில் கோயிலும் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில். ஜெய்லானியும் அந்த வகை இடம்தான். ஒருவர் விட்டுப்போன குகையில் இன்னொருவர் வந்து தங்கியிருக்கிறார். இந்த நாட்டில் அது புதுமையே இல்லை.

1922இல் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. பலாங்கொடை மரிக்கார் குடும்பம் இதில் முன்னின்றது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.எல்.எம். அபூசாலி பிற்காலத்தில் பலாங்கொடை பாராளுமன்ற உறுப்பினர். ஒரு சிங்களப் பெரும்பான்மைத் தொகுதி அவரைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது என்பதைக் குறித்து வையுங்கள். தப்தர் ஜெய்லானியின் வரலாற்றை 2002இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதியவரும் அவர்தான். அவர் எழுதிய எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் எழுதினார். இன்று வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் ஜெய்லானியைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமானால் முதலில் கையில் எடுப்பது அந்த நூலைத்தான்.

ரபீஉல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றம், கந்தூரி. கிழக்கு மாகாணத்திலிருந்து றிபாயி பாவாமார் வந்து றாத்தீப் எடுப்பார்கள். எண்பதுகளில் உம்மா சின்னப் பிள்ளையாகப் போனதை இன்னமும் சொல்வா: வாடகை பஸ், சோத்துப் பானை, படுக்கப் பாய், சுரங்கமலைக் குகைக்குள் குனிந்து போன பயம். பாறையில் பெயர் எழுதினவங்களையும் கண்டாவாம். வெள்ளத்தில், வியாபாரத்தில், கடனில் அல்லாடின குடும்பங்களுக்கு வருடத்தில் கிடைத்த ஒரே சுற்றுலாவும் அதுதான்.

இப்போது சட்டம்.

இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன்படி தொல்பொருள் என்று கணக்கில் வருவது 1815 மார்ச் 2க்கு முந்தியவை. அந்தத் திகதி உங்களுக்குத் தெரியும், கண்டி ஒப்பந்தம். அதாவது கண்டி அரசு விழுந்த நாளோடு இந்த நாட்டின் "பழமை" முடிந்து போகிறது. அதற்குப் பிந்தியது வர்த்தமானியில் தனியாக அறிவிக்கப்பட்டால் ஒழிய வெறும் கட்டடம். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளி 1908இல் தொடங்கியது. தெவட்டகஹ பள்ளி 1820. நாம் பெருமையாகப் படம் பிடித்துப் போடுகிற பலதும் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். கல்லில் கட்டியவர்கள், மன்னர் காசில் கட்டியவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஓலைக் கூரையில் தொழுதுவிட்டு, காசு சேர்ந்ததும் பழையதை இடித்துப் புதியதைக் கட்டிய சமூகத்துக்கு அந்தப் பக்கத்தில் காட்ட அதிகம் இருக்காது. இது நமக்கு எதிராகச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. 1940இல் சட்டம் எழுதியவர்கள் கண்ணில் அநுராதபுரமும் பொலன்னறுவையும்தான் நின்றன. 1890இல் எச்.சி.பி. பெல் காலத்தில் தொடங்கிய வேலையே அதுதானே.

1971இல் தொல்பொருள் திணைக்களம் கூரகலையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. இருக்கிற பள்ளிவாசல் இருக்கலாம், இனிமேல் புதிதாக ஒன்றும் கட்டக் கூடாது. விதி சரியான விதி. குகைக் கல்வெட்டுள்ள இடத்தில் யாரும் சீமெந்து கொட்டக் கூடாதுதான். ஆனால் எழுபதுகளிலேயே உச்சியில் ஒரு சின்னத் தாதுகோபம் எழும்பியது. பழையதைப் புதுப்பிக்கிறோம் என்பது விளக்கம். விதி யாரைக் கட்டும், யாரைக் கட்டாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு நாற்பது வருடம் பெரிய சத்தம் இல்லை. 2011 செப்டம்பரில் அநுராதபுரத்தில் ஒரு சியாரத்தை பிக்குமார் தலைமையில் வந்த கூட்டம் உடைத்தது. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளி. இரண்டிலும் காரணம் ஒன்றே: இது புனித பூமி, இங்கே நீங்கள் இருக்கக் கூடாது. அடுத்தது ஜெய்லானி என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். பொது பல சேனா கூரகலையைக் கையில் எடுத்தது. 2013இல், கோட்டாபய ராஜபக்ஷ பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது, யாத்திரிகர் தங்கும் கட்டடங்களும் கடைகளும் அகற்றப்பட்டன. பள்ளிவாசல் மிஞ்சியது.

2016இல் ஞானசார தேரர் கூரகலையில் வைத்து இஸ்லாத்தை அவமதித்துப் பேசினார். அந்தப் பேச்சுக்காக 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு நான்கு வருடக் கடூழியச் சிறைத்தண்டனையும் ஒரு இலட்சம் ரூபா அபராதமும் விதித்தது. நம் ஆட்கள் பட்டாசு கொளுத்தாத குறை. ஆனால் இந்த எட்டு வருடத்துக்குள் மலையில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வதுரகும்புரே தம்மரதன தேரரின் தலைமையில் பெரிய விகாரை வளாகம் எழும்பியது. 2022இல் அரச வெசாக் வைபவத்துக்குத் தேர்ந்தெடுத்த இடமே கூரகல ரஜமஹா விகாரைதான். வழக்கில் நமக்கு வெற்றி, மலையில் அவர்களுக்கு வெற்றி.

எனக்கு இதில் கோபம் தாதுகோபத்தின் மேல் இல்லை. பௌத்தர்கள் தம் முன்னோர் தவமிருந்த குகையைத் தேடி வருவது அவர்களுடைய உரிமை. கேள்வி வேறு. 1971இலிருந்து "பாதுகாப்பு" என்று எதைச் சொன்னார்கள்? பழையதை அப்படியே வைத்திருப்பதா, பழையதன் பெயரில் புதியதைக் கட்டுவதா? பாதுகாக்கப்பட்ட நிலத்தில் தகரக் கொட்டில் குற்றம் என்றால் கொங்கிரீட் மண்டபம் எப்படிச் சரி? தொல்பொருள் திணைக்களத்தில் நேர்மையான அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும், வெளியே சொல்ல வழியில்லை.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கு ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் வந்தது நினைவிருக்கும். தலைவர் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. முதல் பட்டியலில் இருந்த 11 பேரில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு! பழங்காலத்தைத் தேடுகிற வேலைக்கு ஏன் பாதுகாப்புச் செயலாளர் என்று அப்போது ஒரு மாணவன் வகுப்பில் கேட்டான். நல்ல கேள்வி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அரச உத்தியோகம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. இதுவரை எழுதியதற்கு லைக் போட்டவர்கள் இதற்குக் கோபிக்கலாம்.

2013இல் ஜெய்லானியில் கட்டடங்கள் கழற்றப்பட்டபோது நாட்டில் ஏறக்குறைய இருபது இலட்சம் முஸ்லிம்கள் இருந்தோம். எத்தனை பேர் பேசினோம்? ஹலால் பிரச்சினைக்குப் பேசினோம். அபாயாவுக்குப் பேசினோம். அளுத்கமைக்கு அழுதோம். ஜெய்லானிக்கு அந்தக் குடும்பமும், கொஞ்சம் தரீக்காக்காரரும், சில சட்டத்தரணிகளும். ஏனென்றால் அதற்கு முன்பே, எண்பது தொண்ணூறுகளிலேயே, நம்மில் பெரும்பகுதி அந்த மலையை மனத்தால் கைவிட்டுவிட்டது. கந்தூரி பித்அத், கொடி பித்அத், சியாரம் ஷிர்க் என்று மிம்பர்களில் சொன்னோம். பஸ் போவது குறைந்தது. ஒரு காலத்தில் முழுக் குடும்பமாகப் போன வீடுகளில் பிள்ளைகள், "உம்மா, அங்கெல்லாம் போகாதீங்க" என்றார்கள். பொது பல சேனா வந்து கேட்டபோது, "அது உண்மையான இஸ்லாம் இல்லை, எங்களுக்கு அது வேண்டியதும் இல்லை" என்று நம்மவர்களே சிங்களத் தொலைக்காட்சியில் சொன்னால் நீதிபதி யாரை நம்புவார்?

கந்தூரி சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி இல்லை. என் வீட்டிலேயே இரண்டு கருத்தும் இருக்கிறது. நானும் அங்கே நேர்ச்சை வைக்கப் போகிறவன் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் நடந்த வணக்க முறையை ஏற்காததும், அந்த இடம் நம் வரலாற்றின் பகுதி என்பதை மறுப்பதும் ஒன்றா? அநுராதபுரத்தின் தாதுகோபங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறேன். அதனால் என் ஈமான் போய்விடவில்லை. உம்மும்மா நடந்த பாதையைப் படிப்பித்தால் மட்டும் போய்விடுமா?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. மாலி நாட்டின் திம்புக்துவில் 2012இல் அன்சார் தீன் இயக்கம் ஊரின் வலிமார்களுடைய கப்று மண்டபங்களைக் கடப்பாரையால் உடைத்தது. உடைத்தவர்களும் முஸ்லிம்கள், அழுதவர்களும் முஸ்லிம்கள். அதற்காக அஹ்மத் அல் மஹ்தி என்பவருக்கு 2016இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஒன்பது வருடச் சிறை விதித்தது. மரபுரிமையை அழித்ததை மட்டுமே குற்றச்சாட்டாக வைத்து அந்த நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு அது. அந்த ஊர் மேசன்மாரே பழைய முறையில் மண் குழைத்து மண்டபங்களை மீண்டும் கட்டினார்கள். நம் நாட்டிலோ, 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் சூபிகளை வாளோடு போய்த் தாக்கிய கூட்டத்தின் தலைவன் யார் என்பது 2019 ஏப்ரலுக்குப் பிறகு உலகத்துக்கே தெரியும். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்த இளைஞர்களும் நம் பிள்ளைகள். சியாரத்தை உடைக்கலாம் என்று தொடங்கிய கை அங்கேயே நிற்கவில்லை.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு, பழைய பழக்கம். "நாங்கள் யார்" என்று நிறுவ எப்போதும் ஒரு பக்கத்தை வெட்டி எறிவது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று ஒரு கட்டுரை வாசித்தார். அவர் அப்போது சட்ட நிரூபண சபையில் தமிழ் உறுப்பினர். முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வருமா என்ற பேச்சு அடிபட்ட காலம். 1889இல் ஆசனம் வந்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு நூலாகவே மறுப்பு எழுதி, நாம் அரபு வழித்தோன்றல்கள் என்று வாதிட்டார். இராமநாதன் நம் வாப்பாமாரை மறந்தார். அஸீஸ் உம்மாமாரைக் கொஞ்சம் மறந்தார். இருவரும் எழுதியது வரலாறு என்ற பெயரில், ஆனால் இருவர் கண்ணும் ஆசனத்தில் இருந்தது. அப்படித் தொடங்கிய பழக்கத்தில் நாம் அரபு வேரைக் காட்டக் காட்ட, வீட்டில் பேசிய தமிழும், அரபு எழுத்தில் அதே தமிழை எழுதிய கிதாபுகளும், காட்டுப் பாதையில் நடந்த பாவாமாரும் காட்டத் தகாதவையாகிப் போயின. பிறகு தொண்ணூறுகளில் வேறொரு காரணத்தோடு அதே கத்தரிக்கோல்.

கொழும்பு நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது நான் கட்டாயம் நிறுத்துகிற ஒரு கல் இருக்கிறது. காலியில் 1911இல் கண்டெடுத்தது. ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. 1409ஆம் ஆண்டுத் திகதி. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து வைத்தது. அவர் பிறப்பால் முஸ்லிம். கல்லில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தென்னவரை நாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால். பௌத்தர் ஒரு பகுதியைப் படம் பிடிக்கலாம், இந்துக்கள் ஒரு பகுதியை, நாம் ஒரு பகுதியை. மூன்றில் மிக மோசமாகத் தேய்ந்து போனது பாரசீகப் பகுதிதான். யாரும் வேண்டுமென்று சுரண்டவில்லை, தேய்ந்துவிட்டது. அவ்வளவுதான். அதே நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம் வாப்பிச்சி மரிக்கார். 1877இல் திறந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதை மூடி வைக்கும்படி அவர் ஆளுநரிடம் கேட்டுக்கொண்டாராம் என்ற கதையை எல்லாரும் சொல்வோம். சுவர்களை எழுப்பியவர் நம் ஆள். உள்ளே வைக்க நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

சரி, நூதனசாலை தூரம். கொலன்னாவைக்கு வருவோம்.

2016 மே வெள்ளம். களனி கங்கை ஏறி, நம் வீடுகளில் கூரை மட்டும் தெரிந்தது. படகில் சோறு வந்தது. தண்ணீர் வற்றியபின் எல்லோரும் பாதையோரத்தில் மெத்தை, அலுமாரி, பாய் என்று குவித்தோம். அந்தக் குவியலில் கடதாசியும் இருந்தது. உறுதிகள், பழைய நிகாஹ் பத்திரங்கள், மூத்தாப்பாவின் கிதாபுகள், துறைமுக வேலைக் கார்டுகள். சேற்றில் ஊறி ஒட்டிப்போன குர்ஆன்களையும் கிதாபுகளையும் அதபோடு புதைத்தோம். அவற்றில் எதுவும் அச்சிடாத கையெழுத்துப் பிரதியா என்று அந்த நேரம் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அதன்பிறகும் வெள்ளம் வந்தது, இனியும் வரும். ஞானசார தேரர் நம் பகுதிக்கு வர வேண்டியதே இல்லை.

வெள்ளத்துக்குச் சில வருடம் கழித்து தரம் 9 பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கிற மிகப் பழைய கடதாசியை நாளைக்குக் கொண்டு வாருங்கள், கிழியாமல், என்றேன். பெரும்பாலும் வெறுங்கை. ஒரு மகள் மட்டும் பொலித்தீனில் சுற்றி ஒரு கிதாபின் பத்துப் பதினைந்து தாளைக் கொண்டு வந்தாள். ஓரமெல்லாம் சேற்றுக் கறை. அரபு எழுத்து. ஓதத் தெரிந்த பிள்ளை என்பதால் வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி இரண்டு வரி போனதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சேர், இது தமிழ்!" வகுப்பே எழும்பி வந்து மேசையைச் சுற்றி நின்றது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் கடலுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாக நடந்து, நம் உம்மும்மாமாருக்கு மார்க்கம் சொல்லிக் கொடுத்தது இந்த எழுத்தில்தான். எத்தனையோ பெண்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, ஆனால் தமிழ் வாசித்தார்கள், அரபு எழுத்தில். அந்தப் பிள்ளையின் வீட்டில் அந்தத் தாள்களைப் பழைய குர்ஆன் தாள் என்று நினைத்து, அடுத்த தடவை புதைக்க எடுத்து வைத்திருந்தார்களாம்.

ஜெய்லானிக் கதையும் இந்தத் தாள் கதையும் ஒன்று என்று எனக்குப் படுகிறது. ஒன்றை வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தார்கள், மற்றதை ஆறு எடுத்தது. இரண்டுக்கும் முன்பு, அது என்னவென்று நமக்கே தெரியாமல் போயிருந்தது. உரிமை கேட்டு நீதிமன்றத்துக்கோ திணைக்களத்துக்கோ போகிறவன் கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். அபூசாலியின் கையில் ஒரு நூலாவது இருந்தது. நம்மிடம் வாட்ஸ்அப் ஃபோர்வேர்ட்தான் இருக்கிறது.

ஆகவே சில வேண்டுகோள். இதை நம் பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற காக்காமாரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

பள்ளியிலுள்ள பழைய நிகாஹ் பதிவேடு, ஜனாஸாப் பதிவேடு, கூட்டக் குறிப்புப் புத்தகம் எதையும் எறிய வேண்டாம், புதைக்க வேண்டாம். கீழ்த் தட்டிலிருந்து மேல்மாடிக்கு மாற்றுங்கள். இன்றைக்கே செய்யலாம், செலவில்லை. ஃபோனால் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க என் மாணவர்கள் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை என்றால் நானும் வருவேன். பள்ளியைத் திருத்திக் கட்டும்போது பழைய மிம்பர், மரத் தூண், கல்லில் வெட்டிய வருடம் இருந்தால் பாஸ்மாருக்குச் சொல்லிப் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஓடாவிக்கு விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் அரபு எழுத்தில் பழைய தாள் ஏதாவது கிடந்தால், புதைக்க முன் ஓதத் தெரிந்த ஒருவரிடம் இரண்டு வரி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, ஜெய்லானி. 2013க்கு முன்னே போனவர்கள் இந்தக் குழுவிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள், பாதிப்பேர் இப்போது சொல்ல வெட்கப்படுகிறீர்கள். அல்பத்தில் படம் இருக்கும். பஸ்ஸுக்கு முன்னால் எல்லாரும் நின்று எடுத்தது, பாறையில் உட்கார்ந்து எடுத்தது, பின்னால் தங்குமடமோ கடையோ தெரிகிறது. அந்தப் படங்களில் தெரிகிற பல கட்டடங்கள் இன்று இல்லை. படத்தை அல்பத்திலிருந்து உரிக்காமல் அப்படியே ஃபோனால் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வருடம், மாதம், யார் யாரோடு போனீர்கள், எந்த ஊர் பஸ் என்பதையும் எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டால், "மூத்த மகளுக்கு ரெண்டு வயசு" என்று எழுதினாலும் போதும், நான் கணக்குப் பார்த்துக்கொள்கிறேன். பெண்கள் முகம் தெரியும் படங்களை எங்கும் போட மாட்டேன், பின்னால் தெரியும் இடம் மட்டும்தான் எனக்கு வேண்டும்.